தாரிங்கா தூங்கும் நேரம்

வெர்ப்னா ஊரில், கால்வாய்த் தெருவின் கடைசி வீட்டில், குழந்தை தூங்கினால் வீட்டார் அத்தனை பேரும் தூங்கிவிடுவார்கள். அது கண் திறந்தால் எல்லோரும் எழுந்துகொள்வார்கள். போரில் இடிந்த பாலங்களைத் திரும்பக் கட்டி முடித்த வருஷம், வயல்களில் சர்க்கரைக் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த அக்டோபரில், விதோசாவா தன் மகள் தாரிங்காவை ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கி வந்தாள். வந்த அன்று மதியம் குழந்தை கொட்டாவி விட்டது. அடுப்பருகே நின்ற விதோசாவா கையில் கரண்டியோடு நாற்காலியில் சரிந்தாள். அவள் கணவன் ராடிவோய் ஊரின் மறுகோடியில், ஏழாம் வகுப்புக்கு டான்யூபின் துணையாறுகளைச் சொல்லிக்கொண்டிருந்தான். மூன்றாவது ஆற்றோடு நிறுத்தி, மேஜைமேல் தலையை வைத்துவிட்டான். ஒரு மணி நேரம் கழித்து இருவரும் ஒரே கணத்தில் எழுந்தார்கள். அவன் நாலாவது ஆற்றிலிருந்து தொடர்ந்தான்.

வீட்டு வாசலைத் தாண்டி எவ்வளவு தூரம் போனாலும் இதிலிருந்து தப்ப முடியவில்லை. ராடிவோய் ஒருமுறை பெல்கிரேடு வரை போய்ப் பார்த்தான். அங்கே ஒரு வங்கியின் வரிசையில் நின்றபடியே தூங்கினான். பள்ளியில் பிள்ளைகள் சீக்கிரம் பழகிக்கொண்டார்கள். வாத்தியார் தூங்கும் நேரத்தில் சத்தம் போடாமல் வரைபடம் வரைந்தார்கள். அந்த வருஷம் மாவட்ட வரைபடப் போட்டியில் முதல் பரிசு வெர்ப்னாவுக்கு வந்தது. குழந்தையைப் பார்த்த டாக்டர் ஒரு குறையும் இல்லை என்றார். எதிரெதிர் ஜன்னல்களை ஒன்றாகத் திறந்து வைக்க வேண்டாம், ஊடுகாற்று ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார். வெர்ப்னாவில் பல்வலி முதல் விவாகரத்து வரை எல்லாவற்றுக்கும் ஊடுகாற்றுதான் காரணம் என்பதால் யாரும் அதை மறுக்கவில்லை. பக்கத்து வீட்டு யாகோடாவுக்கு மட்டும் வயிற்றெரிச்சல். "புள்ள பெத்தவ மூஞ்சியாடீ இது? கடற்கரையில பத்து நாள் கெடந்துட்டு வந்தவ மாதிரி பளபளன்னு இருக்கே" என்றாள். அது உண்மை. அந்தச் சமவெளியிலேயே தூக்கம் கெடாத பெற்றோர் அவர்கள் இருவர்தான்.

ஆனால் விதோசாவா கால்வாய் மதகின் காவலர். இரண்டு இரும்புக் கதவுகளுக்கு நடுவே சரக்குப் படகை நிறுத்தி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ, அடுத்த மட்டத்துக்கு அனுப்பி வைப்பது அவள் வேலை. அந்தக் கால்வாயில் அந்த வேலைக்கு வந்த முதல் பெண் அவள். எண்ணெய்க் கறையோடு பழுதுபார்ப்புப் பிரிவில் பல வருஷம் கிடந்துதான் மதகுக் கட்டுப்பாட்டு அறையின் சாவியை வாங்கியிருந்தாள். பிரசவ விடுப்பு ஒரு வருஷம். அது முடிந்ததும் திரும்ப வேண்டும். மேலதிகாரி ஓப்ராத் நல்ல மனிதர், ஆனால் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். படகு உள்ளே இருக்கும்போது காவலர் கண் அயர்ந்தால் மறுநாள் சாவி வேறு கைக்குப் போகும் என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார். ஊர் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான்: வாத்தியார் சம்பளம் இருக்கிறது, பேசாமல் வீட்டில் இருந்து பிள்ளையை வளர்க்கட்டும். விதோசாவா யாரோடும் வாதாடவில்லை. மதகையும் விடுவதாக இல்லை, மகளையும் விடுவதாக இல்லை.

அவள் யோசித்தது இப்படி. காலையில் கிளம்பும் படகுகள் உச்சிப்பொழுதுக்குள் மதகைக் கடந்துவிடும். மாலைப் படகுகள் மூன்று மணிக்கு முன்னால் வராது. நடுவில் தண்ணீர் சும்மா கிடக்கும். குழந்தையின் பகல் தூக்கத்தை அந்த இடைவெளிக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டால் போதும். ஆனால் குழந்தை இப்போது கண்டபடி தூங்குகிறது; அதோடு சேர்ந்து தூங்கிவிடாத ஒருவர், விழித்திருந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும். ஊரில் இருந்த ஒரே குழந்தைக் காப்பகம் சர்க்கரை ஆலையோடு சேர்ந்து மூடப்பட்டுவிட்டது. ஆகவே வீட்டுக்கே ஆள் வேண்டும். எந்த மாதிரி ஆள் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. உதவிக்கு வருபவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

வசந்தத்தில் முதலில் வந்தவள் சூசானா, ஸ்லோவாக் கிராமத்து விதவை, வீட்டோடு தங்குகிறவள். சமையலறைக்குப் பின்னாலிருந்த அறையை வெள்ளையடித்துக் கொடுத்தார்கள். முதல் இரண்டு நாள் குழந்தை தூங்கியது, பெற்றவர்கள் தூங்கினார்கள், சூசானா விழித்திருந்து துணி மடித்தாள். விதோசாவாவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. மூன்றாம் நாள் மாலை, விருந்தாளிகளுக்கான கூடையில் கிடந்த பழைய வீட்டுச் செருப்பைச் சூசானா தேடி எடுப்பதைப் பார்த்து மனம் கேட்காமல், கடைக்குப் போய் சிவப்புக் கம்பளியில் புது ஜோடி வாங்கி வந்தாள். வெளிச் செருப்பு வாசலோடு நின்றுவிட வேண்டும். வெறுங்காலோடு தரையில் நடந்தால் அடிவயிற்றில் குளிர் இறங்கும். ஆகவே ஒரு வீட்டில் எத்தனை பேர் என்பதை அங்கே நடையிலிருக்கும் செருப்பு அலமாரியைப் பார்த்துத்தான் சொல்வார்கள். விதோசாவா புது ஜோடியை அதில் வைத்து, "இனிமே நீங்களும் இந்த வீட்டு ஆள்தான் அக்கா" என்றாள். மறுநாள் மதியம் குழந்தை கொட்டாவி விட்டது. சூசானா முட்டைக்கோஸ் இலையில் கறி சுற்றிக்கொண்டிருந்தவள், பாதிச் சுருளோடு மேஜையில் கவிழ்ந்தாள். எழுந்தபோது அடுப்பில் இருந்த பானை கரியாகியிருந்தது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு சூசானா மூட்டை கட்டினாள். "தூங்கறதுக்குச் சம்பளம் வாங்க எனக்கு மனசு ஒப்பலம்மா" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். ஊருக்குப் போன பிறகும் அவள் தாரிங்காவின் நேரத்துக்கே தூங்கினாள். அவளுடைய கோழிகளும் அதற்கேற்ப முட்டையிட்டன என்பது பின்னால் தெரிந்தது.

கோடையில் வந்தவள் நார்வே நாட்டு மாணவி இங்குன். மொழி பழக ஒரு குடும்பத்தோடு தங்க வேண்டும். அறை, சாப்பாடு, கைச்செலவு கொடுத்தால் பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்வாள். இது வேலைக்காரி ஏற்பாடு அல்ல, வீட்டுப் பெண்ணாக நடத்த வேண்டும் என்று அனுப்பியவர்கள் அழுத்திச் சொல்லியிருந்தார்கள். விதோசாவா அதை மனப்பூர்வமாகச் செய்தாள். பெண் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே நீல நிறச் செருப்பு வாங்கி அலமாரியில் வைத்துவிட்டாள். அந்த வாரம் முழுக்க இங்குன் தன் ஊரில் வேளைகெட்ட வேளையில் தூங்கி விழுந்தாள். உடம்பில் இரும்புச் சத்துக் குறைவு என்று அங்கே மாத்திரை கொடுத்தார்கள். வரும் வழியில் ரயிலில் தூங்கிப்போய், இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டி நோவி சாத்தில் கண் விழித்தாள். நல்ல பெண். குழந்தைக்குத் தண்ணீரில் அளையக் கற்றுக்கொடுத்தாள், ராடிவோயிடம் கெட்ட வார்த்தைகளைச் சுத்தமாகக் கற்றுக்கொண்டாள். ஆனால் அவள் தள்ளுவண்டியோடு வெளியே போனால், குழந்தை கண் சொருகியதும் நடைபாதை ஓரமாகவே உட்கார்ந்து தூங்கினாள். போகிறவர்கள் வண்டியை நிழலுக்கு நகர்த்திவிட்டுப் போனார்கள். ஆகஸ்டில் அழுதுகொண்டே ஊர் திரும்பினாள்.

விடுப்பு முடிந்தது. வேறு வழியில்லாமல் மணிக்கணக்குக்கு வரும் கல்லூரிப் பெண்களைப் பிடித்தாள். நெவேனா ஒரு நாள், அவள் தோழி ஒரு நாள், தோழியின் தங்கை ஒரு நாள். வருவார்கள், கூடையிலிருந்து கைக்கு அகப்பட்ட செருப்பை மாட்டுவார்கள், மணி முடிந்ததும் பறந்துவிடுவார்கள். ஒருத்தியும் தூங்கவில்லை. ஒரு சாயங்காலம் சினிமாவுக்குப் போய்வர அந்த ஏற்பாடு போதும். ஒரு பிள்ளையின் நாளைக் கட்டி எழுப்ப அது போதவில்லை. ஆளுக்கு ஒரு வழக்கம். நெவேனாவுக்கு மருந்தியல் பரீட்சை. குழந்தை தூங்கினால்தான் படிக்க முடியும் என்று வந்ததும் வராததுமாக மடியில் போட்டு ஆட்டினாள். கோதுமை ஏற்றிய படகு ஒன்று மதகுக்குள் பாதி உயரம் இறங்கியிருந்தபோது, காலை பத்து மணிக்கு, விதோசாவா கட்டுப்பாட்டு மேஜைமேல் சாய்ந்தாள். படகோட்டி முதலில் ஹாரன் அடித்தான். பிறகு கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, போய் மீன் குழம்பு வைத்தான். அவள் விழித்தபோது அவன் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். கதவில் ஒரு கீறல் இல்லை, கயிறு ஒன்றும் அறவில்லை. ஆனால் இருபுறமும் படகுகள் வரிசை கட்டி நின்றதால் ஓப்ராத்துக்குத் தெரிந்துவிட்டது. அவர் நேரில் வந்தார். தொப்பியைக் கழற்றாமலே, "விதா, இது முதல் தடவை. ரெண்டாவது தடவைன்னு ஒண்ணு கிடையாது" என்றார்.

அன்று மாலை விதோசாவா நடையில், செருப்பு அலமாரிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். யார் தூங்கினார்கள், யார் தூங்கவில்லை என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். மின்சார மீட்டர் பார்ப்பவன் தூங்கவில்லை. தினமும் காபி குடிக்க வரும் யாகோடா தூங்கவில்லை. கல்லூரிப் பெண்கள் தூங்கவில்லை. அலமாரியில் அவளுடைய பழுப்பு ஜோடி, ராடிவோயின் கட்டம் போட்டது, சூசானாவின் சிவப்பு, இங்குனின் நீலம். அவ்வளவு பேர்தான் தூங்கியவர்கள். அவள் எழுந்து கணவனின் செருப்பை எடுத்துத் தோட்டத்தில் வீசிவிட்டு, குழந்தை அடுத்து எப்போது தூங்கும் என்று காத்திருந்தாள். தூங்கியது, அவன் வெறுங்காலோடு தூங்கினான். ஆக, கொடுத்தது கொடுத்ததுதான், திரும்ப வாங்க முடியாது. சூசானாவுக்கும் அந்த வெளிநாட்டுப் பெண்ணுக்கும் தான் செய்த உபசாரம் ஆயுசுக்கும் நீடிக்கும் என்பதை நினைத்தபோது அவளுக்கு முகம் சுட்டது. இருவருக்கும் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னாள். சூசானா சிலுவை போட்டுக்கொண்டாள். இங்குன், ராத்திரியாவது குழந்தை நன்றாகத் தூங்குகிறதா என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் யாகோடா ஒரு யோசனை சொன்னாள். தன் மகள் வீட்டில் பிள்ளை பார்க்கும் பெண்ணிடமே தாரிங்காவையும் விட்டுவிட்டு, செலவை இரண்டு குடும்பமும் பகிர்ந்துகொள்ளலாம் என்றாள். விதோசாவா போய்ப் பார்த்தாள். அந்த வீட்டு நடையில் அலமாரி வழிந்தது. பிள்ளை பார்க்கும் பெண்ணுக்கே இரண்டு ஜோடி. அங்கே தன் மகளுடைய குட்டிச் செருப்பும் ஏறினால் அந்த வீடு முழுக்கத் தூங்கி விழுமோ என்று எண்ணிப் பார்த்து, வாசலிலேயே நன்றி சொல்லித் திரும்பிவிட்டாள்.

நவம்பரில் மார்த்தா வந்தாள். ஹங்கேரியக்காரி, ஐம்பதைத் தொட்டவள், மூடப்பட்ட காப்பகத்தில் வேலை பார்த்தவள். அது மூடியபின் வியன்னாவில் வீட்டோடு தங்கிப் பிள்ளை வளர்த்துவிட்டுத் திரும்பியிருந்தாள். வாய் நீளம். சிகரெட் விடாது. ஞாயிறு மாலை கால்பந்து மைதானத்தில் நடுவரைத் திட்டும் குரல்களில் அவள் குரல்தான் உயர்ந்தது. கோட்டைக் கழற்றிவிட்டு, வழக்கப்படி செருப்புக்காகக் கீழே பார்த்தாள். விதோசாவா வாழ்நாளில் தன் வாயால் சொல்வோம் என்று நினைத்திராத ஒன்றைச் சொன்னாள்.

"மார்த்தாக்கா, நீங்க உங்க செருப்பை நீங்களே கொண்டாரணும். சாயங்காலம் போறப்ப எடுத்துட்டுப் போயிரணும். இந்த வீட்ல உங்களுக்குன்னு ஒரு ஜோடி நான் வாங்கித் தர மாட்டேன்."

மார்த்தா கோட்டை மறுபடி மாட்டத் தொடங்கினாள். "அஞ்சு நாட்டுக்காரங்க வீட்டுக்குள்ள போயிருக்கேன் பொண்ணே. நாய்க்குக்கூட ஒரு மூலை ஒதுக்கிருவாங்க" என்றாள். விதோசாவா கதவை மறித்து நின்று, காரணத்தை முழுக்கச் சொன்னாள்: சிவப்பு ஜோடி, நீல ஜோடி, மதகு, ஓப்ராத், இரண்டாவது தடவை. நாளுக்கு எட்டு மணி நேரம், காலை எட்டுக்கு வந்து நாலுக்குப் போக வேண்டும், சமையலும் துணியும் அவள் வேலை அல்ல, ஞாயிறு விடுமுறை. மார்த்தா பாதி மாட்டிய கோட்டோடு கேட்டுக்கொண்டு நின்றாள்.

"வியன்னாவுல மூணு வீடு" என்றாள் கடைசியில். "மூணு வீட்லயும் நீ எங்க குடும்பத்துல ஒருத்தின்னு சொன்னாங்க. குடும்பத்துல ஒருத்திக்கு லீவு எதுக்குன்னு ஒருத்தருக்கும் தோணல. நாலு மணிக்கு வீட்டுக்குப் போன்னு எங்கிட்ட சொன்ன முதல் ஆளு நீதான்." பிறகு கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அன்று முழுக்கக் காலுறையோடு நடந்தாள். அடிவயிற்றுக் குளிரை நினைத்து விதோசாவாதான் பதறினாள்.

மறுநாளிலிருந்து மார்த்தா ஒரு துணிப்பையில் தன் சாம்பல் நிறக் கம்பளிச் செருப்பைக் கொண்டுவந்தாள், நாலு மணிக்குப் பையில் போட்டு எடுத்துப் போனாள். சாப்பாடும் அவளுடைய டப்பாவில். தெரு இதைப் பேசித் தீர்த்தது. வாத்தியார் பெண்டாட்டி வேலைக்கு வருபவளை மீட்டர் பார்ப்பவனைப் போல நடத்துகிறாள் என்றார்கள். யாகோடா, "ஒரு ஜோடிச் செருப்புக்கா பஞ்சம் வந்துருச்சு உனக்கு?" என்று எல்லோர் முன்னிலும் கேட்டாள். மார்த்தா சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "உங்க வீட்டு மருமகளுக்குச் செருப்பு இருக்கு, லீவு இருக்கா?" என்று கேட்ட பிறகு அந்தப் பேச்சு குறைந்தது.

மார்த்தா குழந்தையின் காலைத் தூக்கத்தை வாராவாரம் கொஞ்சம் தள்ளினாள். கண் சொருகும்போது பாலத்துக்குத் தூக்கிப் போய் வாத்துகளைக் காட்டினாள். வாத்து அலுத்தபோது டிராக்டர், டிராக்டர் அலுத்தபோது நடுவரைத் திட்டும் பாட்டு. முதல் வாரங்களில் விதோசாவா மதகில் நின்றபடி நாவைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்; கண் இருட்டுவதுபோல் வரும், உடனே எங்கோ ஒரு வாத்து கத்தியதுபோல் தெளிந்துவிடும். பனி உறையும் முன்பே தூக்கம் ஒரு மணிக்கு வந்து நிலைத்தது. குழந்தை ஒரு மணிக்குக் கண் மூடி இரண்டரைக்குத் திறந்தது. விதோசாவா கடைசிப் படகை அனுப்பி, இரண்டு கதவையும் அடைத்து, சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்காருவாள். பள்ளியிலும் ராடிவோயின் வகுப்புகள் அதற்கேற்ப மாற்றப்பட்டன. அதன் பிறகு வரைபடப் போட்டியில் வெர்ப்னாவுக்குப் பரிசு வரவில்லை.

ஓப்ராத் சொல்லாமல் ஒரு நாள் வந்தார். காலை முழுக்கப் பின்னால் நின்று பார்த்தார். படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஒரு மணிக்கு அவள் விளக்கைப் போட்டாள், உட்கார்ந்தாள், தூங்கினாள். அவர் எதிர் நாற்காலியில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். தண்ணீர் அசையவில்லை. இரண்டரைக்கு அவள் விழித்து, "காபி போடட்டுமா சார்?" என்றாள். "போடு. சாப்பாட்டு இடைவேளைன்னு எழுதிக்கறேன்" என்றார் ஓப்ராத்.

மூன்று வருஷம் இப்படி ஓடியது. தாரிங்காவின் முதல் அடி, முதல் பொய் எல்லாம் மார்த்தாவின் எட்டு மணி நேரத்துக்குள்தான் நடந்தன. குடும்பப் புனிதரின் திருநாளில் ஊரே வந்து உட்கார்ந்து சாப்பிட்டபோது மார்த்தாவும் வந்தாள், கூடைச் செருப்பைப் போட்டுக்கொண்டு விருந்தாளிகளோடு உட்கார்ந்தாள். விதோசாவாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு குளிர்காலச் சந்தையிலும், மார்த்தாவின் கால் அளவில் ஒரு நல்ல ஜோடியைக் கையில் எடுத்து, ஆட்டுத்தோல் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, திரும்ப வைத்துவிட்டு நடந்தாள். கடைக்காரன் அவளை விலை குறைக்கப் பார்க்கும் கஞ்சக்காரி என்று நினைத்தான்.

தாரிங்காவுக்கு நாலு வயது முடிந்த பிறகு, ஒரு சனிக்கிழமை நாலு மணிக்கு மார்த்தா பையை எடுத்தபோது அது காலியாக இருந்தது. எங்கேயாவது கிடக்கும், திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் மதியம் ஒரு மணிக்கு, சந்தையில் ஒரு மூட்டைக் குடைமிளகாயை வாங்கித் தோளில் தூக்கும்போது, அதன்மேலேயே சாய்ந்து தூங்கிவிட்டாள். மிளகாய்க்காரி ஒரு குடையை விரித்து அவளுக்கு வெயில் மறைத்தாள்.

திங்கட்கிழமை மார்த்தா எட்டு மணிக்கு முன்பே வந்து நடையில் நின்றாள். சாம்பல் நிறச் செருப்பு அலமாரியின் கீழ்த் தட்டில், குட்டிச் செருப்புக்குப் பக்கத்தில், வீட்டார் வைக்கும் வழக்கப்படி மூக்கு சுவர்ப் பக்கம் பார்க்க இருந்தது. விதோசாவாவும் அப்போதுதான் அதைப் பார்த்தாள்.

"யாரு செஞ்ச வேலை இது?" என்றாள் மார்த்தா.

தாரிங்கா கையைத் தூக்கினாள். "அது இடம் இதுதான். நீ தெனமும் பைக்குள்ள போட்டுடற. உள்ள இருட்டா இருக்குமில்ல."

விதோசாவா மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். கூடவே அவளுக்குள் ஒரு கணக்கு ஓடியது: இனி மதியத்தில் விழித்திருக்க ஒருவரும் இல்லை, நேரம் ஒருமுறை பிசகினால் எழுப்பிவிட ஆளில்லை, இன்னொருத்தியைத் தேட வேண்டும். மார்த்தா கையை உயர்த்தி அவளைத் தடுத்தாள். முக்காலியில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி, கீழ்த் தட்டிலிருந்து செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். இனிமே ஞாயித்துக்கெழமையும் இவளைச் சரியா ஒரு மணிக்குத் தூங்க வையுங்க. சாயங்காலம் எனக்கு மேட்ச் இருக்கு. மத்த நாள்ல அடுப்பை அணைச்சு, கதவைச் சாத்திட்டு நானும் இவ பக்கத்துல படுத்துக்கறேன். அந்த ஒன்றரை மணி நேரமும் வேலை நேரம்தான். அதுக்கும் சம்பளம் உண்டு."

"உண்டு" என்றாள் விதோசாவா.

"நாலு மணிக்கு நான் கெளம்பிருவேன்."

"கெளம்புங்க."

"செருப்பு இங்கயே கெடக்கட்டும். தூக்கித் தூக்கித் தோளு நோவுது."

அன்று மதியம் ஒரு மணிக்கு ஐந்து பேர் ஐந்து இடத்தில் தூங்கினார்கள்: வீட்டில் மார்த்தா, மதகில் விதோசாவா, பள்ளியில் ராடிவோய், கோழிகளுக்கு நடுவே சூசானா, வடக்கே ஒரு நூலகத்தில் இங்குன். மதகின் இருபுறமும் சிவப்பு விளக்கின் கீழ், நேரத்துக்கு முன்பே வந்துவிட்ட படகுகள் நின்றன. படகோட்டிகள் கரையில் அடுப்பு மூட்டினார்கள். இப்போது கால்வாய் வரைபடத்தில் அந்த இடத்தில் மீன் குழம்புக்கான நிறுத்தம் என்றே ஒரு குறி இருக்கிறது.

தாரிங்கா போன வருஷம் நோவி சாத்தில் நீரியல் பொறியியல் படிக்கப் போனாள். அவள் எந்த வகுப்பில் தூங்குவாள் என்று இங்கே யாருக்கும் தெரியாது. செவ்வாய்க்கிழமை காலைகளில், கணித வகுப்பாக இருக்கலாம், பதினொரு மணி வாக்கில் நிச்சயம் தூங்குகிறாள். ஆகவே விதோசாவா செவ்வாய்க் காலைகளில் படகு எதையும் மதகுக்குள் விடுவதில்லை. மார்த்தா அந்த நாளில்தான் முடிதிருத்தும் கடைக்குப் போகிறாள். தலை முழுக்கச் சாயத்தோடு அவள் கழுத்து சாயும்போது கடைக்காரி பின்னால் ஒரு துண்டை மடித்து வைப்பாள், உலர்த்தும் எந்திரத்தை அணைப்பாள், அடுத்த ஆளை உட்காரச் சொல்வாள். அடுத்த ஆள் புதிது என்றால், ஏன் என்று கேட்பாள். "அவங்க பொண்ணு நோவி சாத்துல தூங்குது" என்பாள் கடைக்காரி, சீப்பைத் தண்ணீரில் நனைத்தபடி. "முன்னாடி எவ்ளோ வெட்டணும்?"